குற்றக் கந்தோரும் இரண்டாயிரம் புகையிலைக் கன்றுகளும்

சீரணி அம்மன் வாசலில் கற்பூரம் கொளுத்திச் சத்தியம் செய்துவிட்டுத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் என் வாயில் மிச்சம் நிற்கும் மூன்று பல்லும் இந்த வருடமே உதிரட்டும். மூன்றும் கடைவாய்ப் பற்கள். கச்சான் கடலை தின்ன எனக்கு வேறு உதவி கிடையாது. ஆகவே நான் விளையாட்டாகச் சத்தியம் செய்யவில்லை என்பதை வாசிக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். எதையும் கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு மூன்று இடங்களில் நீங்கள் நம்பமாட்டீர்கள் என்று குறைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

சண்டிலிப்பாயில் எங்கள் குறிச்சியைக் கொழும்பில் யாரோ ‘குற்றமற்ற முன்னோடிக் குறிச்சி’ என்று தெரிவு செய்தார்கள். சந்தியில் பூட்டிக் கிடந்த கூட்டுறவுச் சங்கக்கடைக் கட்டடத்துக்கு வெள்ளையடித்து ஒரு கந்தோர் திறந்தார்கள். ‘குற்றக் கட்டுப்பாட்டு உபாயங்களின் வினைத்திறன் மேம்பாட்டு முன்னோடிப் பணிமனை’ என்று பெயர்ப் பலகை. பலகை சுவரை விட நீளமாக இருந்ததால் ‘பணிமனை’ என்ற சொல் மூலையில் திரும்பி ஒழுங்கைப் பக்கம் நின்றது. நாங்கள் குற்றக் கந்தோர் என்றோம். அது பொலிஸும் அல்ல, நீதிமன்றமும் அல்ல. இரண்டுக்கும் எப்படி வேலை செய்வது என்று சொல்லிக் கொடுக்கும் இடம். ஆனால் எங்கள் குறிச்சியில் எது நடந்தாலும் முதலில் அங்கேதான் முறைப்பாடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவு.

வாசலில் இன்னொரு பலகை. ‘குற்றம் இன்றிக் கழிந்த நாட்கள்’ என்று எழுதி, கீழே இலக்கங்களைக் கொழுவி விடுவார்கள். காலை ஒன்பது மணிக்கு இருபத்தாறு உத்தியோகத்தர்களும் வரிசையாக நிற்க, காவலாளி பழைய இலக்கத்தைக் கழற்றிப் புதியதைக் கொழுவுவான். சைக்கிளில் போகிறவர்களும் இறங்கி நிற்க வேண்டும். நூறாவது நாள் கொழும்பிலிருந்து பெரியவர் ஒருவர் வருவதாக ஏற்பாடு.

நாற்பத்தோராவது நாள் எங்கள் குறிச்சித் தோட்டக்காரன் ஏரம்பு தன் கிணற்றடிக்குப் போனான். அந்த வருடம் தைமாதம் நல்ல மழை. இரண்டு கிழமையாக இறைப்பு இல்லை. மழை விட்டு வெயில் காய்ந்ததும் தண்ணீர் இறைக்கிற மிஷினை எடுக்கக் கொட்டிலுக்குள் நுழைந்தால், மிஷின் அங்கே இல்லை.

ஏரம்புவுக்கு நாலு பரப்புக் காணியில் புகையிலை. இரண்டாயிரம் கன்று. நாலு நாளுக்கு ஒருமுறை தண்ணீர் காட்டாவிட்டால் இலை மடிந்துவிடும். அந்த இரண்டாயிரம் கன்றுகளைத் தவிர அவனுக்கும் மனைவி சிவக்கொழுந்துவுக்கும் அந்த வருடத்துக்கு வேறு பிழைப்பு இல்லை.

முறைப்பாடு கொடுக்கப் போனவனுக்குத் துணையாக நானும் போனேன். முறைப்பாட்டு உத்தியோகத்தன் எமில்ராஜ், குருநகர்ப் பெடியன், நல்ல பண்பானவன். அவனுக்கு முன்னால் ஒரு கொம்பியூட்டர். வாயால் சொல்வதைக் கேட்டு அது தானாகவே எழுதிக் கொள்ளும்.

“நீங்கள் சாட்சியோ?” என்று என்னைக் கேட்டான்.

“துணைக்கு வந்தனான்.”

“துணைக்கு இதிலை இடம் இல்லை ஐயா. அங்காலை இருங்கோ.”

நான் அங்காலை இருந்தேன். எமில்ராஜ் படிவத்தைத் திறந்தான். முப்பத்தாறு பக்கம்.

“அண்ணை, சம்பவத்துக்கு முதல் மிஷினோடை உங்கடை உறவு எப்பிடி? மிக நல்லது, நல்லது, சுமார். ஒண்டைச் சொல்லுங்கோ.”

ஏரம்பு யோசித்தான். “ஸ்ராட் பண்ணேக்கை ரண்டு தரம் இழுக்க வேணும். மற்றும்படி நல்லது.”

“உங்களுக்கு ஏற்பட்ட பயம், ஒண்டிலையிருந்து பத்து மட்டும் எவ்வளவு?”

“பயம் இல்லைத் தம்பி. தண்ணிதான் இல்லை.”

“தண்ணிக்கு இதிலை கேள்வி இல்லை அண்ணை. பயத்துக்குத்தான் இருக்கு. நாலு போடட்டே?”

“போடு.”

“கள்ளன் எண்டு ஒருத்தர் இருக்கிறாரெண்டால், அவரிலை உங்களுக்கு ஏதும் மனத்தாங்கல்?”

“பிடிச்சுத் தாருங்கோ, பாத்துச் சொல்லுறன்.”

“பிடிக்கிறது எங்கடை பகுதி இல்லை.”

“அப்ப எந்தப் பகுதி பிடிக்கும்?”

எமில்ராஜ் குரலைத் தாழ்த்தினான். “பிடிக்கிறது பழைய முறையாம் அண்ணை. மிஸ் சொல்லுறவ.”

மத்தியானமாகியது. இருபத்தொன்பதாம் பக்கத்தில், அந்த மிஷின் தன்னைத்தானே களவு கொடுக்கக்கூடிய இடத்தில் வைக்கப்பட்டிருந்ததா என்ற கேள்வி வந்தது. ஏரம்பு நெற்றி வியர்வையைச் சால்வையால் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

“காணும் தம்பி. காணும். விடு, நான் போட்டு வாறன்.”

கொம்பியூட்டர் ஒரு மணியடித்தது. திரை முழுக்கப் பச்சையாகியது.

இங்கே ஒன்றை விளக்க வேண்டும். எங்கள் ஊரில் காணும் என்றால் போதும் என்று பொருள். பந்தியில் சோறு போடும்போது இலைக்குக் குறுக்கே கையை வைத்து, “காணும், காணும்” என்போம். அந்தக் கொம்பியூட்டருக்குத் தமிழ் படிப்பித்தவர்கள் எங்கள் பந்தியில் இருந்தவர்கள் அல்ல, அகராதியில் படித்தவர்கள். அவர்கள் கணக்கில் காணும் என்றால் கண்ணுக்குத் தெரியும். ஆகவே அது இப்படி எழுதியது: ‘முறைப்பாட்டாளர் தன் வாயால் இருமுறை உறுதி செய்தபடி பொருள் காணும். முறைப்பாடு தீர்ந்தது. விடுவிக்கும்படியும் கேட்டுக்கொண்டார்.’

எமில்ராஜ் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன தம்பி, முடிஞ்சுதோ?” என்றான் ஏரம்பு.

“முடிஞ்சுது அண்ணை,” என்றான் அவன். குரலில் சந்தோஷம் இருக்கவில்லை.

ஏரம்பு பக்கத்துத் தோட்டத்துச் சிவதர்ஷனிடம் மிஷின் கேட்டு வாங்கி அந்த முறை இறைப்பை ஒருவாறு சமாளித்தான். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது. பொருள் காணும் என்று தெரிவித்தவர் அதைப் படமெடுப்பதற்காக ஏழு நாட்களுக்குள் பணிமனைக்குக் கொண்டுவர வேண்டும். தவறினால் மீட்கப்பட்ட பொருளை மறைத்தவராகக் கருதப்படுவார் என்று இருந்தது.

இந்த முறை எங்களைப் பணிப்பாளர் பத்மாசினியிடமே அனுப்பினார்கள். எமில்ராஜ் சொன்ன ‘மிஸ்’ அவர்தான். குற்றத்தைப் பற்றி வெளிநாட்டில் ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் எடுத்தவர். மரியாதையான மனுசி, எங்களுக்கு உட்காரக் கதிரை தந்து, குடிக்க நெல்லி இரசமும் தந்தார்.

“ஐயா, நீங்கள்தான் எங்கடை முதலாவது வெற்றி,” என்றார்.

“மிஷின் இன்னும் இல்லை மிஸ்.”

“காணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?”

“நான் போதும் எண்டெல்லே சொன்னனான்.”

பத்மாசினி எமில்ராஜைப் பார்த்தார். எமில்ராஜ் தரையைப் பார்த்தான்.

“அண்ணை சொன்னது எனக்கு அப்பவே விளங்கினது மிஸ்,” என்றான். “ஆனால் எனக்கு விளங்கினதை எழுத அந்தப் படிவத்திலை இடம் இல்லை.”

“அதுதான் அதின்ரை சிறப்பு,” என்றார் பத்மாசினி. பிறகு ஏரம்புவுக்கு ஆறுதலாக விளக்கினார். “ஐயா, படிவம் நாலு பக்கமாய் இருக்கேக்கை இஞ்சை மாதம் முப்பது முறைப்பாடு. பன்ரண்டு பக்கமாக்கினம், ஒன்பதாய்க் குறைஞ்சுது. முப்பத்தாறாக்கினம், ஒரேயொரு ஆள்தான் வந்தவர். நீங்கள். நாங்கள் கள்ளரைத் தொடவே இல்லை. ஆனால் குற்றம் தொண்ணூற்றேழு வீதம் குறைஞ்சிருக்கு. உலகத்திலை எந்தப் பொலிஸும் செய்யாத வேலை.”

“அப்ப என்ரை மிஷின்?”

“அது மிச்ச மூண்டு வீதம். அதைத்தான் கொண்டு வாங்கோ எண்டு கேக்கிறம்.”

வெளியே வந்தபோது எமில்ராஜ் பின்னால் ஓடி வந்தான். “அண்ணை, ஆற்றையும் மிஷின் ஒண்டைக் கொண்டு வாங்கோ. படம் எடுத்தவுடனை தந்திடுவினம்.”

ஏரம்பு சிவதர்ஷனின் மிஷினைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டு போனான். ஏரம்புவுக்கும் மிஷினுக்கும் மாலை போட்டுப் படம் எடுத்தார்கள். ஏரம்பு மாலையோடு வீட்டுக்கு வந்தான். மிஷின் மாலையோடு அங்கேயே நின்றுவிட்டது. மீட்கப்பட்ட பொருளாம். சான்றுப் பொருள் இலக்கம் ஒன்று என்று கழுத்தில் அட்டை.

சிவதர்ஷன் கந்தோருக்குப் பாய்ந்து போனான்.

“உது என்ரை மிஷின். எண்ணெய் ராங்கியிலை என்ரை மகளின்ரை பேர் எழுதிக் கிடக்கு, பாருங்கோ.”

“முறைப்பாடு செய்யப் போறியளோ?” என்றான் எமில்ராஜ்.

“ஓம். என்ரை மிஷினைக் காணேல்லை எண்டு எழுதுங்கோ.”

“அதெப்பிடி அண்ணை? நீங்கள் அதைப் பாத்துக்கொண்டெல்லே நிக்கிறியள்.”

சிவதர்ஷன் கொஞ்ச நேரம் மிஷினைப் பார்த்தான், கொஞ்ச நேரம் எமில்ராஜைப் பார்த்தான். பிறகு வீட்டுக்கு வந்து ஏரம்புவோடு மூன்று நாள் கதைக்கவில்லை.

அந்த மூன்று நாளுக்குள் பத்மாசினி ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். ஊர்க் கூட்டம் கூட்டினார். சனசமூக நிலையச் சுவரில் வேட்டி கட்டிப் படம் போட்டுக் காட்டினார்கள். வட்டம் மூன்று, ஒன்றை ஒன்று வெட்டிக்கொண்டு நின்றன.

“ஒரு களவுக்கு மூண்டு வேணும்,” என்றார். “கள்ளன், சந்தர்ப்பம், பொருள். கள்ளனைத் திருத்தக் காலம் எடுக்கும். சந்தர்ப்பத்தைத் தடுக்க ஆள் வேணும். பொருள் மட்டும்தான் சொன்ன சொல் கேக்கும். ஆகவே எங்கடை உபாயம், களவு போகக்கூடிய பொருளைக் களவு போக முதல் நாங்களே எடுக்கிறது.”

பின்வரிசையில் யாரோ, “அதைத்தானே கள்ளனும் செய்யிறவன்,” என்றார்.

“கள்ளன் பற்றுச்சீட்டுத் தாறதில்லை,” என்றார் பத்மாசினி. உத்தியோகத்தர்கள் கைதட்டினார்கள்.

மறுநாள் லொறி வந்தது. எங்கள் குறிச்சியில் இருந்த மிஷின் அத்தனையும் போயிற்று. சிவதர்ஷனுடையதோடு நாற்பத்துமூன்று. என் தோட்டம் வீதிக்கு அந்தப் பக்கம், அடுத்த பிரிவு என்பதால் லொறி அங்கே வரவில்லை. அடுத்த கிழமை காஸ் சிலிண்டர்கள் போயின. அதற்கடுத்த கிழமை பூட்டில்லாத சைக்கிள்கள், சேவல்கள், முற்றிய வாழைக்குலைகள். குலைகளை மரத்தோடு விட்டு, மரத்துக்குப் பற்றுச்சீட்டு ஒட்டினார்கள். ஒன்றும் மிச்சமில்லாத வீடுகளுக்குக் கதவில் ‘பாதுகாப்பான இல்லம்’ என்று நீலத் தாள். என் வீட்டுக்கு எதிரே இருந்த ஓய்வுபெற்ற தபாலதிபர் தன் பொய்ப்பல்லுக்கும் பற்றுச்சீட்டுக் கேட்டு வாங்கி வைத்திருந்தார். பல்லை மட்டும் கொடுக்கவில்லை.

பலகையில் அறுபத்துநாலு தொங்கியது.

ஏரம்புவும் சிவக்கொழுந்துவும் வாளியால் அள்ளி ஊற்றினார்கள். இரண்டாயிரம் கன்றுக்கு இரண்டு வாளி. முதல் வரிசையிலிருந்து கடைசி வரிசைக்குப் போய்ச் சேர ஆறு நாள். அதற்குள் முதல் வரிசை மறுபடியும் தலையைத் தொங்கப் போட்டுவிடும். கீழ் இலைகள் கருகத் தொடங்கின. ஏரம்பு கன்றுகளுக்கு நடுவில் குந்தியிருந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பான். அறுபது வயதில் கூலிக்குப் போக வேண்டி வருமோ என்று என்னிடம் ஒருநாள் கேட்டான். நான் எழும்பி என் தோட்டத்துப் பக்கம் போனேன்.

பற்றுச்சீட்டின் பின்பக்கத்தை எங்கள் ஊரில் ஒருவரும் வாசிப்பதில்லை. சிவக்கொழுந்து வாசித்தாள். அன்று அவளுக்குக் கை இரண்டும் தூக்க முடியாமல் போய், வாசிப்பதைத் தவிர வேறொன்றும் செய்ய ஏலாமல் இருந்தது.

“இஞ்சேருங்கோ,” என்றாள் ஏரம்புவிடம். “ஏழாம் விதியைக் கேளுங்கோ. ‘காவலில் ஏற்கப்படும் பொருள், ஏற்ற நாளின் நிலை மாறாமல் பேணப்படும். மாறின் உத்தியோகத்தரே பொறுப்பு.’”

“அதுக்கு?”

“அதுக்கு நீங்கள் கொஞ்சம் கதையாமல் இருங்கோ.”

அவள் நேரே கந்தோருக்குப் போனாள். நானும் பின்னால் போய் அங்காலை இருந்தேன்.

“தம்பி, எங்கடை புகையிலையை ஆரோ களவெடுக்கப் போறாங்கள் போலை கிடக்கு.”

எமில்ராஜ் களவு போகக்கூடிய பொருட்களின் பட்டியலைப் பார்த்தான். “பதினேழாவதாய் இருக்கு அக்கா, புகையிலை. கொண்டு வாங்கோவன்.”

“அது நிலத்திலையெல்லே நிக்குது.”

“பிடுங்கிக் கொண்டு வாங்கோ.”

“பிடுங்கினால் நிலை மாறும். ஏழாம் விதி என்ன சொல்லுது எண்டு பின்பக்கத்தைப் பாரும்.”

எமில்ராஜ் திருப்பி வாசித்தான். இரண்டு தரம் வாசித்தான். அந்தக் கந்தோரில் அவன் சிரித்து நான் கண்டது அன்றுதான்.

“காலமை வெள்ளன வரச் சொல்லுறன் அக்கா.”

“வெள்ளனவே வரட்டும்,” என்றாள் சிவக்கொழுந்து. வெயில் ஏற முதல் கன்று வாடித் தெரியாது என்பது அவளுக்குத் தெரியும்.

விடியற்காலையில் பன்னிரண்டு உத்தியோகத்தர்கள் வந்து தோட்டத்தைச் சுற்றி மஞ்சள் நாடா கட்டினார்கள். கன்றுக்கு ஒரு அட்டை. ‘கன்று இல. 1. உயரம் மூன்று அடி. இலை பதின்மூன்று. வாட்டம் இல்லை. உயிர் உண்டு.’ இரண்டாயிரம் அட்டையும் எழுதி முடிய வெயில் ஏறிவிட்டது; ஆனால் வாட்டம் இல்லை என்று எழுதியாயிற்று. பத்து மணிக்குக் கன்றுகள் முழுவதும் வாடித் தொங்கின. கன்று வாடினால் உத்தியோகத்தர் பொறுப்பு.

பத்மாசினி ஓடி வந்தார். உடனே தண்ணீர் வேண்டும். மிஷின் நாற்பத்துமூன்றும் கந்தோர் முற்றத்தில். ஆனால் சான்றுப் பொருளை வெளியே கொண்டுபோக விதி இல்லை. இரவிரவாக யோசித்து, ‘சான்றுப் பொருளைச் சான்றுப் பொருளால் பரிசோதித்தல்’ என்று ஒரு படிவம் தயாரித்தார்கள். இருபத்துநாலு பக்கம். நாலு நாளுக்கு ஒருமுறை அதை நிரப்பி, அட்டையோடும் வாடிப்போன மாலையோடும் மிஷின் இலக்கம் ஒன்று ஜீப்பில் தோட்டத்துக்கு வந்தது. எமில்ராஜ் கடற்கரைப் பிள்ளை. படகு எஞ்சின் இழுத்துப் பழகிய கை. ஒரே இழுவையில் ஸ்ராட் பண்ணினான்.

இது தெரிந்ததும் ஊர் முழுக்கக் கந்தோருக்குப் போயிற்று. சிவதர்ஷனின் பீற்றூட், மற்றவர்களின் வெங்காயம், மிளகாய், எல்லாம் களவு போகக்கூடும் என்ற பயம் எல்லாருக்கும் ஒரே நாளில் வந்துவிட்டது. பயம் பத்துக்குப் பத்து. மாசி முடியும்போது குற்றக் கந்தோரில் கதிரைகள்தான் இருந்தன. இருபத்தாறு பேரும் காற்சட்டையை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு எங்கள் வாய்க்கால்களில் தண்ணீர் மாறிக் கட்டினார்கள். நாங்கள் நாடாவுக்கு வெளியே நின்று பார்த்தோம். உள்ளே போனால் சான்றில் கைவைத்த குற்றம்.

பிறகு ஒரு புதுச் சிக்கல். தண்ணீர் குடித்த புகையிலை வளர்ந்தது. ஒரு காலை எமில்ராஜ் கன்றுகளை எண்ணிப் பார்த்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

“மிஸ், பதின்மூண்டு இலை எண்டு எழுதினது. இப்ப பதினாறு நிக்குது. உயரமும் கூடிப்போச்சு.”

“சான்று மாறக்கூடாது,” என்றார் பத்மாசினி. “கூடினதை அகற்றுங்கோ.”

புகையிலை செய்தவர்களுக்கு இது விளங்கும். நுனியை முறித்து, இலைக் கக்கத்தில் வரும் பக்க முளைகளைக் கிள்ளி விட்டால்தான் மிச்ச இலை தடிக்கும். எங்கள் ஆட்கள் அலுப்பில் பாதியைக் கிள்ளுவார்கள், பாதியை விட்டுவிடுவார்கள். கந்தோர் ஆட்கள் அட்டையைப் பார்த்துப் பார்த்து ஒன்று விடாமல் கிள்ளினார்கள். தினமும் கிள்ளினார்கள். படிவத்தில் உயரத்துக்கும் எண்ணிக்கைக்கும் இடம் இருந்தது. தடிப்புக்கு இடம் இருக்கவில்லை. இலை ஒவ்வொன்றும் செருப்புத் தோல் மாதிரித் தடித்துத் தாழ்ந்து நின்றது. அப்படி ஒரு புகையிலையை வலிகாமத்தில் நான் கண்டதில்லை.

பங்குனியில் இலையில் மஞ்சள் புள்ளி விழுந்தது. பழுத்துவிட்டது. ஒரு கிழமைக்குள் வெட்ட வேண்டும், தப்பினால் அழுகும். ஏரம்பு வெட்டுக் கத்தியைத் தீட்டி வைத்துக்கொண்டு கந்தோருக்குப் போனான்.

“மிஸ், வெட்ட விடுங்கோ.”

“விடுவிக்க ஏலாது ஐயா. களவு இனி நடக்காது எண்டு உறுதிப்பட்டால்தான் விடுவிக்கலாம்.”

“எப்ப உறுதிப்படும்?”

“அது உறுதிப்பட்டால் நாங்கள் இஞ்சை எதுக்கு?” என்றார். அதைச் சிரித்துக்கொண்டே, நல்ல மனதோடுதான் சொன்னார்.

இரண்டு நாளில் நூறாவது நாள். கொழும்பிலிருந்து பெரியவர் வந்தார். தவில், நாதஸ்வரம், பூரண கும்பம். பத்மாசினி பேசினார். “ஒரு கள்ளனைக்கூடப் பிடிக்காமல், ஒரு வழக்குக்கூடப் போடாமல், ஒரு முறைப்பாட்டைக்கூட விசாரிக்காமல், குற்றத்தை இந்த மண்ணிலிருந்து துடைத்திருக்கிறோம்,” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். பிறகு நன்றி சொல்லும்படி ஏரம்புவை மேடைக்கு ஏற்றி மைக்கைக் கொடுத்தார்கள்.

ஏரம்புவுக்கு மேடை பழக்கமில்லை. பெரியவரையும் தெரியாது. அவனுக்கு இலை மட்டும்தான் ஞாபகம். பத்மாசினி பக்கம் திரும்பி, மைக்கிலேயே கேட்டான்.

“மிஸ், அப்ப இனி இஞ்சை களவு நடக்காதோ?”

ஆயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பத்மாசினி நிமிர்ந்து நின்றார். “ஒருக்காலும் நடக்காது.”

“உறுதியோ?”

“நூற்றுக்கு நூறு உறுதி.”

பெரியவர் தன் செயலாளரைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். செயலாளர் எழுதிக்கொண்டார். அடுத்த நாளே கடிதம் வந்துவிட்டது. திட்டம் முழு வெற்றி பெற்றதாலும், இனிக் குற்றம் நடக்காது என்று பணிப்பாளரே பகிரங்கமாக உறுதி செய்ததாலும், பணிமனை உடனடியாக மூடப்படுகிறது; காவலில் உள்ள அனைத்தும் அன்றே உரியவர்களிடம் கையளிக்கப்பட வேண்டும்.

மத்தியானத்துக்குள் மஞ்சள் நாடா கழன்றது. ஏரம்புவும் சிவக்கொழுந்துவும் கட்டியிருந்த அட்டையோடேயே கன்றுகளை வெட்டினார்கள். எமில்ராஜ் உத்தியோகச் சட்டையைக் கழற்றி வேலியில் போட்டுவிட்டு வெட்டியதைத் தூக்கிக் கொடுத்தான். இலையைப் பார்க்க வந்த சுருட்டு வியாபாரி ஒன்றை எடுத்து வெயிலில் பிடித்துப் பார்த்துவிட்டு, “இதென்ன பசளை போட்டனீங்கள்?” என்று கேட்டார். “அரசாங்கப் பசளை,” என்றாள் சிவக்கொழுந்து.

கந்தோர் முற்றத்தில் நாற்பத்துமூன்று மிஷினுக்கு நாற்பத்துமூன்று பேர் வந்தார்கள். அவரவர் தன்னுடையதை விட நல்லது எதுவோ அதுதான் தன்னுடையது என்றார்கள். சிவதர்ஷன் மட்டும் ராங்கியில் இருந்த மகளின் பெயரைக் காட்டித் தப்பினான். மற்றவர்களுக்குள் பதினொரு சண்டை. முறைப்பாடு கொடுக்க இடம் இல்லாததால் எல்லாம் அன்றைக்கே தீர்ந்தன.

பத்மாசினிக்குப் பதவி உயர்வு. இப்போது வேறொரு மாகாணம் முழுவதற்கும் அவர்தான். அவருடைய அறிக்கையின் அட்டையில் ஏரம்பு மாலையோடு நிற்கும் படம் இருக்கிறது. உள்ளே, களவு போன பொருட்களில் நூறு வீதமும் மீட்கப்பட்டதாக எழுதியிருக்கிறது. ஏரம்பு அந்தப் புத்தகத்தை வருகிறவர்களுக்கெல்லாம் காட்டிவிட்டு, “எல்லாம் சரி, என்ரை மிஷின் எங்கை?” என்று கேட்பான். போன கிழமை என்னிடமும் கேட்டான்.

அந்த மிஷினைத் தைப்பொங்கலுக்கு முதல் நாள், என் கிணறு இறைத்துத் துப்புரவாக்கவென்று, ஏரம்புதான் தன் கையால் எனக்கு இரவல் தந்தான்.